அவர் அனுப்பாதவை

1

போன வாரம், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கோடி அறை அம்மாள் இறந்துபோனார். இங்கே சாவுக்குப் பிறகு அறையைச் சீக்கிரம் காலிசெய்து கொடுத்துவிட வேண்டும். அடுத்த ஆள் காத்திருப்பார். அந்த அம்மாளின் மகன் வந்தார். அலமாரியின் அடித்தட்டில் நாடா கட்டிய கடிதக் கட்டுகள் இருந்தன. இரண்டு கைகளாலும் அள்ளிக்கொண்டுபோய், பழைய காகிதம் போடும் நீலத் தொட்டியில் போட்டார். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "படிக்காமல் போடச் சொல்லியிருந்தார்" என்றார். தொட்டியின் மூடியை இறக்கி, அதன்மேல் கையை வைத்தபடி சற்று நேரம் நின்றார்.

"என்ன மனசோ!" என்றாள் என்னோடு வேலை செய்யும் பெண். முன்பென்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல முடியவில்லை. ஏழுமலையின் முதல் வருஷப் படையலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதிலிருந்து எனக்கு இன்னும் சரியாக உறக்கம் பிடிக்கவில்லை. அங்கே நடந்ததைத்தான் எழுதப் போகிறேன்.

என் பெயர் விஜயா. கலசப்பாக்கத்துக்காரி. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துக்கு வந்து என் பாதி ஆயுள் ஓடிவிட்டது. வயதானவர்களைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் கட்டிலில் புரட்டிப் படுக்கவைப்பதும் என் தொழில். சாவு எனக்குப் புதிதில்லை. செத்தவர் விட்டுப்போன பேச்சை என்ன செய்வது என்பதுதான் புதிது.

2

ஏழுமலையை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். வேலை முடிந்து ட்ராமில் வந்துகொண்டிருந்தேன். பின் இருக்கையிலிருந்து ஒரு குரல்: "இன்னா, சாமைக்குக் கள எடுத்தாச்சா? மழ இன்னும் புடிக்கலியா? நீ மொதல்ல சாப்டு. அப்பால பேஸ்றேன்."

'இன்னா' என்ற அந்த ஒரு சொல்லுக்கு என் கழுத்து தானாகத் திரும்பியது. இங்கிருக்கும் தமிழர்களில் பெரும்பாலானோர் இலங்கைக்காரர்கள். மற்றவர்கள் கோவை, சென்னை என்று கணினி வேலைக்கு வந்த பிள்ளைகள். எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது. கறுத்து, ஒடிசலான ஒருவர், தடித்த குளிர்கோட்டுக்குள் புதைந்து உட்கார்ந்திருந்தார். கைப்பேசியை ரொட்டியைக் கடிப்பதுபோல வாயருகில் பிடித்திருந்தார். குரல் பதிந்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எந்த ஊருப்பா?" என்றேன்.

திடுக்கிட்டுப் பார்த்தார். "ஜமுனாமரத்தூர் பக்கம்ங்க. ஜவ்வாது மல மேல. நீங்க?"

"கலசப்பாக்கம்."

"அட! எங்க மலைய வுட்டு எறங்குனா உங்க ஊர்தானேக்கா!"

அன்றிலிருந்து அக்கா. எங்கள் ஊரில் எங்கே நின்றாலும் அந்த மலை தெரியும். சந்தைக்கு மலைச்சனம் கொண்டுவரும் சீத்தாப்பழத்தையும் தேனையும் வாங்கித் தின்று வளர்ந்திருக்கிறேன். ஆனால் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஏற வேண்டிய வேலை இருந்ததில்லை. மலை ஆள் ஒருவரோடு உட்கார்ந்து பேச நான் ஜெர்மனிக்கு வர வேண்டியிருந்தது.

அவர் ஓர் இந்திய உணவகத்தில் 'நான்' ரொட்டி சுடுபவர். சென்னை ஓட்டல், வளைகுடா நாடு என்று மாறி மாறி இங்கே வந்து சேர்ந்தவர். "சாமச்சோறு துன்னு வளந்தவன், பஞ்சாபி ரொட்டி சுட்டு வெள்ளக்காரனுக்குப் போட்றேன். இன்னா கூத்துக்கா இது?" என்று சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவார். ரசம் வைத்தால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டார். ஜெர்மன் காகிதம் ஏதாவது வந்தால் எடுத்துவருவார். நான் படித்துச் சொல்வேன்.

ஊரில் மனைவி பச்சையம்மா. மகள் சுகன்யா, திருவண்ணாமலையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். பச்சையம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. அதனால் எல்லாமே குரல்தான். அவர்கள் ஊரில் ஒரு பாறைமேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். காட்டு வேலை முடித்து அங்கே ஏறி உட்கார்ந்து, அவர் அனுப்பியதை ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவாளாம். "ரேடியோ கேக்குற மாரி கேப்பா. நடுவுல எதுனா கேட்டா திட்டுவா" என்பார், பெருமையாக.

3

முதல் தடவை நெஞ்சுவலி வந்தபோது அவர் பிழைத்துக்கொண்டார். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அப்போது ஒரு பெண் வந்து அவரிடம் தடித்த கோப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். இங்கே அது வழக்கம். நினைவு தப்பினால் உங்களுக்காக யார் முடிவெடுப்பது, கருவிகளைப் போட்டு உயிரைப் பிடித்துவைக்கலாமா, இறந்தால் எங்கே அடக்கம் என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருப்பார்கள். நம் ஊரில் இப்படி ஒரு தாளை நோயாளியிடம் நீட்டினால் சொந்தக்காரர்கள் அடிக்க வந்துவிடுவார்கள்.

நான் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொன்னேன். அடக்கம் எங்கே என்றதற்கு, "மலையில. வேற எங்க?" என்றார். அதில் அவருக்கு யோசனையே இல்லை. கடைசிப் பக்கம் கைப்பேசி, படங்கள், செய்திகள், இணையக் கணக்குகள் பற்றியது. உங்களுக்குப் பின் இவற்றை யார் பார்க்கலாம்? எதை வைத்திருக்க வேண்டும்? எதை அழிக்க வேண்டும்?

"செத்த பொறவு ஃபோனுக்குமா காரியம்?" என்று சிரித்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார். "அத நாளைக்குச் சொல்றேங்கா."

மறுநாள் நான் போனபோது முகம் வேறுமாதிரி இருந்தது. "எழுதிக்குங்க. எல்லாத்தையும் அழிச்சிடணும். தொறக்காம அழிச்சிடணும். நீங்கதான் பண்ணணும்."

"பச்சையம்மாவுக்குக்கூட வேண்டாமா?"

"அவளுக்குச் சொல்ல வேண்டியத அனுப்சிட்டுதாங்கா இருக்கேன். அனுப்பாததும் அதுல கீது. சில நாளு தாங்க முடியாம பேசுவேன். பேசி முடிச்சா மனசு கொஞ்சம் எறங்கும். அப்பால அனுப்ப மாட்டேன், அப்டியே கெடக்கும். அத்த போயி அவ பாறைமேல குந்திக்கினு கேட்டான்னா, இத்தினி வருசம் அவ நெனச்சிக்கினு இருந்த ஏழுமல இல்லாம போயிடுவான்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவ நெனச்சிக்கினு இருக்குறவனே நல்லாத்தாங்கா கீறான். அவனே இருக்கட்டும்."

அப்படியே ஜெர்மனில் எழுதினேன். கையெழுத்துப் போட்டார். கைப்பேசியைத் திறக்கும் எண்ணையும் சொன்னார். "அழிக்கறதுக்கு அது கேக்குமாம், பசங்க சொன்னாங்க" என்றார்.

4

அவர் போனது பனிக்காலத்தில், ஒரு முற்பகல். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாராம். தண்ணீரோடு வந்த ஆள் பார்க்கும்போது தரையில் கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை.

இங்குள்ள தமிழர்கள் கூடி, உடலை அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். பெட்டி சென்னைக்குப் போய், அங்கிருந்து வண்டியில் போளூர் வழியாக மலையேறியது. எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அவர் சொன்ன இடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள் என்று படம் வந்தது.

கைப்பேசி மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. அவர் உடுப்பில் இருந்தவற்றை ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கட்டி, பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதை வாங்கப் போனால் கொடுக்க மறுத்தார்கள். கடவுச்சீட்டில் அவர் பெயரை 'எல்' போட்டு எழுதியிருக்கிறது. பையில் 'இசட்-எச்' போட்டு எழுதியிருக்கிறது. "இவர்கள் இரண்டு பேர்" என்றாள் அலுவலகப் பெண். போதாததற்குக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் கடவுச்சீட்டில் ஒன்றுமே இல்லை. நான் ழகரத்தைப் பற்றி விளக்கினேன். எந்த எழுத்தைப் போட்டாலும் அந்த ஒலி வராது, அதனால் ஆளாளுக்கு ஒன்றைப் போடுவோம் என்றேன். "எங்கே, சொல்லுங்கள்" என்றாள். சொன்னேன். அவளும் நாக்கை மடித்து ஏழெட்டுத் தடவை முயன்றாள். ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆள் பிறந்தார். அவர் இறந்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. அவள் எழுந்துவந்து தண்ணீர் கொடுத்தாள். அப்புறமும் பை கிடைக்கவில்லை. இன்னும் இரண்டு அலுவலகங்களின் முத்திரை வேண்டியிருந்தது.

அதில் ஒன்று வாரிசு விவகாரங்களைப் பார்க்கும் இடம். அங்கிருந்த பெரியவர் 'நாஹ்லாஸ்' பற்றிப் பேச வேண்டும் என்றார். எனக்கு அந்தச் சொல் கடைகளில்தான் பழக்கம். சட்டைக்கும் செருப்புக்கும் விலை குறைத்து எழுதி ஒட்டியிருப்பார்கள். "எதற்குத் தள்ளுபடி?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இறந்தவர் விட்டுப்போனவற்றுக்கும் அதே சொல்தான் என்று பொறுமையாகச் சொன்னார். ஏழுமலை கையெழுத்திட்ட தாளைப் படித்துப் பார்த்தார். "விருப்பம் தெளிவாக இருக்கிறது. ஆனால் வாரிசுகள் மனைவியும் மகளும். அவர்களுக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள். பேசிவிட்டுச் செய்யுங்கள்" என்றார்.

பை கைக்கு வந்தது. கைப்பேசியை மேசைவிரிப்புகள் வைக்கும் இழுப்பறையில் வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரசம் வைத்த வழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்துவிட்டேன். அப்புறம் அதை எடுத்துச் சார்ஜ் போட்டேன். திரையில் சுகன்யா, சின்னப் பெண்ணாக, தன்னைவிடப் பெரிய பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். எண் எனக்குத் தெரியும். அவர் குரல் உள்ளே இருக்கிறது. கேட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று விரல் துடித்தது. அணைத்து மறுபடியும் உள்ளே வைத்தேன்.

5

சுகன்யாவிடமிருந்து அழைப்பு வந்தது. அப்பா என்னை அக்கா என்றதால் அவளுக்கு நான் அத்தை.

"அத்த, அப்பா ஃபோனு உங்ககிட்ட தான் கீதாமே. அத எங்களுக்கு அனுப்சிடுங்க. அதுல இருக்குறது மொத்தமும் வேணும்."

அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன்.

"ஒடம்பு முடியாம இருக்கசொல்ல பயத்துல எதுனா சொல்லியிருப்பாரு. அதப் போயி இவ்ளோ பெர்சா எடுத்துக்கிறீங்களே. அவரு அங்க எப்டி இருந்தாருன்னு எங்களுக்கு இன்னா தெரியும்? லீவுக்கு வருவாரு, போவாரு. அவ்ளோதான் எனக்கு அப்பா. மிச்சமெல்லாம் அந்த ஃபோன்ல தான் கீது." அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் சொன்னதெல்லாம் நியாயம்தான்.

"படையலுக்கு வர்றேன். உங்க அம்மாவையும் வெச்சுக்கிட்டுப் பேசுவோம்" என்றேன்.

அந்த வாரக் கடைசியில் என் மகள் அனு வந்திருந்தாள். பெர்லினில் வேலை செய்கிறாள். இங்கேயே பிறந்தவள். அவள் தமிழ் பேசினால் சொற்கள் கால் மாறிச் செருப்புப் போட்ட மாதிரி வரும். "அந்த மாமா எப்போ இறங்கினார்?" என்று கேட்டாள். 'இறந்தார்' என்று திருத்தினேன். நடந்ததைச் சொன்னேன்.

"நீ என்ன எழுதி வெச்சிருக்கே, உன்னுதுக்கு?" என்றாள்.

எனக்கும் அப்படி ஒரு கோப்பு இருக்கிறது. மற்றதையெல்லாம் நிரப்பிவிட்டுக் கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டிருந்தேன். இத்தனை வருஷமாக நான் எழுதிக்கொண்டிருப்பது எல்லாமே தமிழ். கணினியில் கொஞ்சம், தாளில் கொஞ்சம். அவளால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினேன். நீச்சல் வகுப்பும் அதே நேரத்தில் வந்தது. நீச்சல் ஜெயித்தது.

"உனக்கு எதுக்கு? படிக்க வராதே" என்றேன்.

"வராது. ஆனா எனக்கு வேணும், அம்மா." கொஞ்ச நேரம் சொற்களைத் தேடினாள். "நீ எனக்கு ஜெர்மன்ல பேசுற. அப்ப நீ வேற ஆளு. தமிழ்ல இருக்குற அம்மாவை நான் பார்க்கவே இல்லை. படிக்கத் தெரியலைன்னாலும், அவங்க என் வீட்டுல இருக்கட்டும்."

நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அன்று மாலை கடைசிப் பக்கத்தை நிரப்பினேன். எல்லாம் அனுவுக்கு. எதையும் அழிக்க வேண்டாம். அவள் பேனாவை என் கையிலிருந்து வாங்கி, நான் எழுதியதைச் சரிபார்த்து, ஜெர்மனில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாள்.

ஆனால் என் பக்கத்தில் நான் எழுதியது ஏழுமலையின் பக்கத்துக்குப் பதில் ஆகாது.

6

போளூரிலிருந்து பேருந்து வளைந்து வளைந்து ஏறியது. ஜமுனாமரத்தூரில் சுகன்யா காத்திருந்தாள். படத்தில் பார்த்ததைவிட அப்பாவின் சாயல். பையை வாங்கிக்கொண்டாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோவில் இன்னும் உள்ளே போனோம்.

வீட்டு வாசலிலேயே பச்சையம்மா நின்றிருந்தாள். உயரமான பெண். என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்தாள். அன்று படையல். சாமைச்சோறும் கோழிக்குழம்பும் வைத்துக் கும்பிட்டார்கள். சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பும்வரை அவள் கைப்பேசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்கள ஒண்ணு கேக்கணும். பொண்டாட்டி நான் கீறேன், பொண்ணு கீது. உங்ககிட்ட ஏன் குட்தாரு அத?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். விமானத்தில் பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் அதெல்லாம் போய்விட்டது.

"ஆஸ்பத்திரியில நான்தான் பக்கத்துல இருந்தேன். அந்தத் தாளைப் படிச்சுச் சொல்ல வேற ஆள் இல்ல. அதுக்கு மேல ஒண்ணும் இல்லம்மா. ஞாயித்துக்கிழமை வருவார், ரசம் சாப்பிடுவார், உன்னைப் பத்தியே பேசுவார்."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் தலையை ஆட்டினாள். "ரசம் அவுருக்கு உசுரு" என்றாள்.

தாளில் இருந்ததை அவளுக்குச் சொன்னேன். பேசியும் அனுப்பாமல் விட்டது உண்டு என்று அவர் சொன்னதையும் மறைக்கவில்லை. சுகன்யா சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவுருக்கு அங்க யார்னா இருந்தாங்களா?" என்றாள் பச்சையம்மா.

"எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சா சொல்லுவீங்களா?"

"சொல்ல மாட்டேன்."

பொய் சொல்லாததற்கு நன்றி சொல்வதுபோல இருந்தது அவள் முகம். சுகன்யாதான் வெடித்தாள்.

"அம்மா, இன்னா கேட்டுனு கீற நீ? ஃபோன வாங்கு. தொறந்து பாத்தா தெரிஞ்சிடப் போவுது. நல்லதோ கெட்டதோ, நம்முளுதுதானே அது?"

பச்சையம்மா மகளைப் பார்க்காமலே பேசினாள். "பொட்டில வந்தாரு உங்கப்பா. கோட்டுப் போட்டு அனுப்சிருந்தாங்க. மூட்றதுக்கு முன்ன ஒரு ஆளு, கோட்டு ஜோபில எதுனா கீதா பாரும்மான்னாரு. நான் கை வெக்கல. ஜோபி அவுருது. இத மட்டும் நான் ஏன் தடவணும்?"

"அப்ப நம்முளுக்கு இன்னாதான் மிச்சம்?"

"நம்முளுக்கு அனுப்சது நம்முளுது. அனுப்பாதது அவுருது."

சுகன்யா வெளியே போய்விட்டாள். பச்சையம்மா எழுந்து சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து தன் கைப்பேசியை எடுத்துவந்தாள். அதைக் கையில் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "அக்கா, அனுப்சதும் என்கிட்ட இல்ல" என்றாள்.

அவர் இறந்து கொஞ்ச நாளில் அது வேலைசெய்யாமல் நின்றிருக்கிறது. கீழே கொண்டுபோய்க் கடையில் கொடுத்திருக்கிறாள். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஓடவைத்துத் தந்திருக்கிறான் கடைக்காரன். அவனுக்கு என்ன தெரியும்? பாறையில் ஏறிப்போய் அவர் குரலைத் தேடியபோதுதான் ஒன்றும் இல்லையென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மகளிடம்கூடச் சொல்லவில்லை. "திட்டுவா" என்றாள். "ஒவ்வொண்ணும் மனசுல கீது. ஆனா கொரலு மறந்துக்கினே வருதுக்கா. மூஞ்சி மறக்கல, கொரலுதான் மறக்குது."

எனக்கு அப்போதுதான் தோன்றியது. "அவர் அனுப்பினது அவர் ஃபோன்லயும் இருக்கும், பச்சையம்மா. உனக்குன்னு அனுப்பினதை மட்டும் எடுக்கலாம். அது ஏற்கெனவே உன்னுதுதானே."

அவள் நிமிர்ந்தாள். "மத்தது கண்ணுல படுமா?"

"படாமப் பாத்துக்கலாம்."

7

மறுநாள் காலை மூன்று பேரும் பாறைமேட்டுக்குப் போனோம். கீழே சாமைக்காடு, அதற்கப்பால் புளியமரங்கள். வெயில் இன்னும் ஏறவில்லை. சுகன்யாவின் கண்கள் வீங்கியிருந்தன. அம்மாவின் கைப்பேசியில் ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு இரவே தெரிந்துவிட்டது. திட்டவில்லை.

நான் எண்ணைப் போட்டுத் திறந்தேன். பட்டியல் தெரியாதபடி திரையைக் கையால் மறைத்துக்கொண்டு, தேடும் இடத்தைத் தொட்டு, சுகன்யாவிடம் கொடுத்தேன். "அம்மாவோட நம்பரை மட்டும் போடு."

போட்டாள். ஒரே ஒரு பெயர் வந்தது. அவள் வாய்விட்டுப் படிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி?" என்றாள் பச்சையம்மா.

"உன் பேர அப்பா 'வூடு'ன்னு போட்டு வெச்சிருக்காரும்மா."

பச்சையம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

உள்ளே வரிசையாகக் குரல்கள். கடைசியாக அனுப்பியதை சுகன்யா ஓடவிட்டாள். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். நடுவில் அவர். "இன்னா, புளி உலுக்கியாச்சா? ஆள வெச்சு உலுக்கு, நீ ஏறாத. சுகன்யா ஊருக்கு வந்துச்சா? இங்க பனி கொட்டுது. கையெல்லாம் மரத்துப்போச்சு. சரி, நீ சாப்டு. அப்பால பேஸ்றேன்."

அவ்வளவுதான். பச்சையம்மா பாறையில் உள்ளங்கையை ஊன்றி, குனிந்து கேட்டாள். "இன்னொருவாட்டி போடு" என்றாள். சுகன்யா மறுபடியும் போட்டாள். மூன்றாம் தடவை பச்சையம்மா பதில் சொன்னாள்: "உலுக்கியாச்சு." அதைக் கேட்டுச் சுகன்யா அம்மாவின் மடியில் தலையை வைத்துவிட்டாள்.

வெயில் சுடும்வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். சுகன்யாவின் கைப்பேசியிலும், பிறகு அம்மாவுடையதிலும் ஏற்றினோம். கல்லூரிக் கணினியிலும் ஒரு நகல் போட்டு வைக்கிறேன் என்றாள். அவர் ஜெர்மனியில் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் இடையிடையே அவளிடம் சொன்னேன்: ட்ராமில் எங்கே உட்காருவார், ரொட்டி சுட்டுச் சுட்டு முன்கையில் விழுந்த தழும்புகள், ஜெர்மன் வகுப்பில் வாத்தியாரம்மாவுக்குச் சாமை என்றால் என்னவென்று படம் வரைந்து காட்டியது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அது சீக்கிரம் தீர்ந்துபோனது.

"போதும். இப்ப அவரு சொன்னத செய்ங்க" என்றாள் பச்சையம்மா.

முதலில் இணையத்தில் இருந்த நகல்களை நீக்கினேன். பிறகு கைப்பேசி. உறுதியாகத்தானா என்று அது ஜெர்மனில் கேட்டது. எண்ணைப் போடச் சொன்னது. மறுபடியும் கேட்டது. சுகன்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசிப் பொத்தானுக்கு வந்தபோது என் விரல் நின்றுவிட்டது. அந்தக் குரல்களில் எவனோ ஒரு ஏழுமலை தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறான். அவனை யாருமே கேட்டதில்லை. இனி கேட்கவும் போவதில்லை. பச்சையம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தடுக்கிறாள் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அழுத்தினேன்.

திரை கறுத்தது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு வெள்ளையாக விடிந்து, நடுவில் ஒரு சொல் வந்தது. அது மறைந்து இன்னொன்று வந்தது.

"இன்னா எழுதிக்கீது?" என்றாள் பச்சையம்மா.

"வணக்கம்னு. ஒவ்வொரு பாஷையிலயும் சொல்லுது."

"யாருக்கு?"

"யாருக்குன்னு இல்லம்மா" என்றாள் சுகன்யா. "புதுசா யாரு எடுக்குறாங்களோ, அவங்களுக்கு."

பச்சையம்மா அதை என் கையிலிருந்து வாங்கினாள். திரையில் படிந்திருந்த எங்கள் விரல் அழுக்கை முந்தானையால் துடைத்தாள். சொல் மாறி மாறி வருவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இதுக்கு இனிமே அவுரத் தெரியாது" என்றாள். மகளிடம் கொடுத்துவிட்டு, காட்டைப் பார்க்க இறங்கினாள்.